லாபம் முதல் பன்னிரண்டு வரை

பழைய வீட்டுக் கணினிகளுக்கு நிரல் எழுதுவது என் பொழுதுபோக்கு என்று நான் சொல்லிக்கொள்வேன். என் அக்கா அதைக் கிறுக்கு என்பாள். ஐம்பத்து மூன்று வயதில், செக்காலையில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஒருவன், நாற்பது வருடத்துக்கு முந்தைய பெட்டி ஒன்றைப் பழைய டிவியில் மாட்டி அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் வேறு என்னவென்று சொல்வது? அவள் சொல்வது சரிதான். அந்தக் கிறுக்கு ஒரு பெண்ணின் கைவரைக்கும் போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியிடம் வேலை வாங்க அசெம்பிளி என்றொரு மொழி இருக்கிறது. உள்ளே இருக்கும் சிப் செய்ய வேண்டிய ஒவ்வொரு சின்ன அசைவையும் நாமே எழுத வேண்டும். இந்த எண்ணை எடு, அதில் ஒன்றைக் கழி, பூஜ்யமா பார், இல்லையென்றால் மறுபடி மேலே போ. ஒவ்வொரு கட்டளையும் முடிய சிப்புக்கு இத்தனை துடிப்பு ஆகும் என்று கணக்கு உண்டு. சிலதுக்கு நான்கு, சிலதுக்கு ஏழு, சிலதுக்குப் பதின்மூன்று. திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை லூப் என்போம். அதில் ஒரு கட்டளையைக் குறைத்தால் ஆயிரம் தடவை குறைத்த மாதிரி. இணையத்தில் எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. ஒரு லூப்பில் நான்கு துடிப்பை மிச்சம் பிடித்தவனைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கொண்டாடுவார்கள். நான் அதுவரை மாப்பிள்ளை ஆனதில்லை.

அக்காவுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றிப் பூப்போட்டுத் தரைக்கல் செய்யும் சின்னப் பட்டறை. கலவைக்கென்று ஒரு இரும்பு டிரம் உண்டு. இடுப்பு உயரத்தில் படுக்க வைத்திருக்கும். உள்ளே தண்டில் மூன்று துடுப்புகள். வெள்ளை சிமெண்ட், சலித்த மணல், சாயப்பொடி, தண்ணீர் எல்லாம் போட்டால் மோட்டார் துடுப்பைச் சுற்றும். குறிப்பிட்ட சுற்று முடிந்ததும் தானே நிற்கும். அப்போது சுவரில் ஒட்டியதை வழித்துவிட்டு, கட்டி இருந்தால் நசுக்க வேண்டும். சற்று நேரத்தில் மறுபடி தானே சுற்றும். இப்படி நான்கு தடவை.

வழிப்பதற்குக் கொத்தனார் கரண்டி உண்டு. ஆனால் கரண்டிக்குக் கட்டி எது, கலவை எது என்று தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். ஒரு கட்டி தப்பினால் நாலு கல்லில் பூ கலைந்துபோகும். அதனால் அங்கே எப்போதும் கைதான். அந்த வேலையைச் செய்பவள் நாற்பது வயதுக்காரி, பக்கத்து ஊர். பத்து வருடமாக இருக்கிறாள். டிரம்மின் வாய் வழியாக அவள் வலது கை முழங்கைக்கு மேல்வரை உள்ளே போகும், துடுப்புகளுக்கு நடுவே. வழிக்கும்போது வாய்விட்டு எண்ணுவாள். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் ஒன்று என்று எண்ணத் தொடங்க மாட்டார்கள், லாபம் என்பார்கள். அவளும் அப்படித்தான். லாபம், ரெண்டு, மூணு என்று பன்னிரண்டு வரை. பன்னிரண்டில் டிரம் சுத்தமாகிவிடும்.

நின்று சுற்றும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள மோட்டார் பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது. அது ஒரு நாள் எரிந்துபோனது. புதிது வர இரண்டு வாரமாகும் என்றார்கள். நானிருக்கும்போது எதற்கு இரண்டு வாரம் வேலையை நிறுத்தணும் என்று அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு துள்ளல். இத்தனை வருடம் டிவியில் புள்ளிகளை ஓடவிட்டுக்கொண்டிருந்த பெட்டிக்கு முதல் முறையாக ஒரு உத்தியோகம். டிரம்முக்கும் கணினிக்கும் நடுவே ஒரு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, மாட்டினேன். துடுப்பு எத்தனை சுற்று சுற்றியது என்பதைத் தண்டில் ஒட்டிய காந்தம் சொல்லிவிடும். மீதி இருந்தது நிற்கும் நேரம் மட்டும்தான்.

அதைக் கடிகாரம் வைத்து அளக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு விநாடி தெரியாது, அதற்குத் தெரிந்தது லூப் மட்டும். அவள் பக்கத்தில் நின்று அவள் எண்ணுவதைக் கேட்டேன். பன்னிரண்டு முடிந்து, கையை வெளியே எடுத்து, சாக்கில் துடைத்து, ஓரடி பின்னால் நகர்ந்து நிற்கும்வரை லூப் எத்தனை தடவை ஓடுகிறது என்று பார்த்தேன். மூவாயிரத்து அறுநூறு. அந்த எண்ணை நிரலில் எழுதினேன். அவள் லாபத்தில் தொடங்கி மேலே ஏறுவாள். கணினி மூவாயிரத்து அறுநூறில் தொடங்கிக் கீழே இறங்கும். அது பூஜ்யத்தைத் தொடும்போது அவள் கை வெளியே இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். அவளுக்கு அது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. அக்காவின் மேசையில் டிவி இருந்தது. அதில் காத்திருக்கும் நேரத்தைக் காட்ட ஒரு பச்சைப் பட்டையும் முதலிலிருந்தே போட்டிருந்தேன், நேரம் குறையக் குறையப் பட்டையும் குறையும். டிரம்மிடம் நிற்பவளுக்கு டிவி முதுகுப் பக்கம். அவள் அதைப் பார்த்ததே இல்லை. அந்தப் பட்டை நடுங்கியது. காத்திருக்கும் அதே லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அதை முழுவதும் அழித்து முழுவதும் வரைந்துகொண்டிருந்தேன், அதனால் வந்த நடுக்கம். அக்கா அதைக் கவனித்ததுகூட இல்லை. எனக்குத்தான் சோற்றில் கல் மாதிரி உறுத்தியது. குழுவில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று பட்டது. இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கிற புத்தி எனக்கு எப்போதும் வேலை முடிந்த பிறகுதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். முழுப் பட்டையையும் வரையாமல், குறைந்த ஒரு துணுக்கை மட்டும் அழித்தேன். எண்களை நினைவகத்தில் வைத்து எடுத்து வைத்து எடுக்காமல் சிப்புக்குள்ளேயே தங்கவைத்தேன். கடைசியாக லூப்பை விரித்தேன். விரிப்பது என்றால், ஒரு சுற்றுக்கு ஒரு வேலை என்பதை மாற்றி ஒரு சுற்றுக்கு இரண்டு வேலையாக்குவது. திரும்பிப் போகிற அலைச்சல் பாதியாகும். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பழைய வித்தை, ஆனால் நன்றாக அமைந்தால் ருசியே தனி. அன்று நன்றாக அமைந்தது. துடிப்புகளைக் கூட்டிப் பார்த்தேன். மூன்று மடங்கு வேகம். தனியாக உட்கார்ந்து கை தட்டிக்கொண்டேன், வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

சோதிக்கும்போது மூவாயிரத்து அறுநூறு சுற்று யார் காத்திருப்பது? எண்ணைப் பத்தாகக் குறைத்து, ரிலேக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி எரிகிறதா, அணைகிறதா என்று பார்த்தேன். எரிந்தது, அணைந்தது. பிறகு பொறுப்பாக, மறக்காமல், பழைய எண்ணைத் திருப்பிப் போட்டேன். மூவாயிரத்து அறுநூறு. ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. இதை எழுதும்போது அந்தப் பொறுப்புதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை பட்டறைக்குப் போனேன். அந்தப் பெட்டிக்கு நிரலை ஒலியாகத்தான் ஊட்ட வேண்டும். செல்போனை அதன் காதில் மாட்டினால் மூன்று நிமிடம் கிறீச்சென்று கத்தும். அவள் சாயப்பொடி சலித்துக்கொண்டே, புதுசா என்னத்தைச் சொல்லிக் குடுக்குறீக என்று கேட்டாள். கொஞ்சம் சுறுசுறுப்பா இருக்கச் சொல்றேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். கடையில் ஆள் காத்திருந்ததால் டிரம் ஓடுவதைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம், கடையில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது அக்காவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. தன் மேசையிலிருந்து எடுத்திருந்தாள். டிவி பக்கவாட்டில், பின்னால் டிரம். கூடவே குரல் செய்தி: "தம்பி, ஒம் பொட்டி வந்ததுலேருந்து வேலை பறக்குதுடா. சாப்பாட்டுக்குள்ள ஒரு டிரம்மு கூடுதலா முடியுது. பழைய பெல்ட்டு வழுக்குது, இன்னைக்கு மத்தியானம் புதுசு மாத்த ஆள் வர்றாரு. அதுவும் மாறிட்டா இன்னும் வேகமாயிரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. டிவியில் பட்டை நடுக்கமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. குழுவில் போட வேண்டும், அதற்கு முன்னால் எத்தனை ஃபிரேம் படத்துக்கு ஒரு துணுக்கு குறைகிறது என்று சரியாகச் சொல்ல வேண்டும் என்று வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். கட்டை விரலால் ஒரு படம், இன்னொரு படம். பட்டை குறைந்தது. பின்னால் அவள் குனிந்திருந்தாள். பட்டை இன்னும் குறைந்தது. பட்டை முடிந்தது. மோட்டாருக்கு மின்சாரம் பாய்ந்ததைக் காட்டும் ரிலேயின் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தப் படத்தில் அவள் கை டிரம்முக்குள் இருந்தது.

அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். நான்காவதில் அவள் உடம்பு பின்னால் சாய ஆரம்பித்தது. ஏழாவதில் கை வெளியே. எட்டாவதில் துடுப்பு அசைந்தது. வழுக்கிய பழைய பெல்ட் மோட்டாரைப் பிடிக்க எடுத்துக்கொண்ட அந்த அரை மூச்சு நேரத்தில்தான் அவள் கையை உருவியிருந்தாள்.

எண்ணை நான் மாற்றவில்லை. எண் எதை எண்ணியதோ அதை மாற்றிவிட்டேன். மூவாயிரத்து அறுநூறு சுற்று முன்பு பன்னிரண்டு வழிப்புக்குக் காத்திருந்தது. இப்போது சுற்று மூன்று மடங்கு வேகமானதால் நான்குக்குக்கூடக் காணாது. மூன்று நாளாக அவள் அதற்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறாள். இன்று புது பெல்ட். புது பெல்ட் வழுக்காது.

அக்காவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். அவள் சாப்பிடப் பின்கட்டுக்குப் போனால் போனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவாள், எனக்குத் தெரியும். வேலை செய்பவளிடம் போன் உண்டா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவள் எண்ணும் வேகம் தெரியும், அவள் நம்பர் தெரியாது. கடையைப் பூட்டாமலே பைக்கை எடுத்தேன்.

அந்தச் சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அன்று அது முடியவே இல்லை. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நடுச்சாலையில் ஆடி ஆடிப் போனது. ஹார்னை அடித்துக்கொண்டே பின்னால் போனேன். கரண்ட் போகாதா என்று வேண்டினேன். தினமும் கரண்ட் போகிறதென்று திட்டுபவன் நான். வழியிலிருந்த டீக்கடையில் மின்விசிறி சுற்றியது, அடுத்த கடையிலும் சுற்றியது. ஒரு கட்டளைக்கு நான்கு துடிப்பு, இன்னொன்றுக்கு ஏழு என்று மனம் தானாகக் கூட்டிக்கொண்டே வந்தது, நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை.

பட்டறை வாசலில் பெல்ட் மாற்ற வந்தவர் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். முடிஞ்சதா என்று கேட்டேன். இப்பத்தான் மாட்டுனேன், ஓட்டிப் பாக்குறாக என்றார். அவர் காலடியில் பழைய பெல்ட் சுருண்டு கிடந்தது.

உள்ளே டிரம் சுற்றி நின்ற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

லாபம், ரெண்டு, மூணு என்று கேட்டதும் என் கால் ஓடியது. அவள் எப்போதும் இழுத்து எண்ணுவாள். அன்று சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பிரதான சுவிட்ச் கதவுக்கு அடுத்த சுவரில், ஆள் உயரத்துக்கு மேல். எகிறிக் கீழே இழுத்தேன். டிவி அணைந்தது. மேலே விளக்கு அணைந்தது. அவள் நான்கில் நின்றாள்.

இருட்டு பழகியதும்தான் பார்த்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், கையை எடுக்காமல். இரண்டு கையும் உள்ளே இருந்தன. கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் அடுக்கி வைத்திருந்தாள்.

கையை வெளிய எடு என்று கத்தினேன். எடுத்தாள். வலது கை நடுவிரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. சாயப்பொடி ஏறி, துணி எது, விரல் எது என்று தெரியாமல் பச்சையாக இருந்தது. அவிழ்க்கச் சொன்னேன். நகம் இல்லை.

எப்போது என்று கேட்டேன். திங்கக்கிழமை என்றாள். முதல் தடவை எதிர்பாராமல் சுற்றியபோது லேசாகப் பட்டுவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை, அக்காவிடம் சொல்லவில்லை என்றாள். ஏன் சொல்லவில்லை, மெஷின் கெட்டுப்போச்சு என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நான் கத்தினேன். பயத்தில் வந்த கோபம், அது என்மேல் போக வேண்டியது, அவள்மேல் போனது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெஷினு கெட்டுப்போச்சுன்னு நெனைக்கலண்ணே," என்றாள். "நீங்கதான் திங்கக்கெழம வந்து சுறுசுறுப்பா இருக்கச் சொல்லிட்டுப் போனீக. நான் மெதுவாச் செய்றது ஒங்களுக்குக் கம்ப்யூட்டர்ல தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

அவள் அதோடு நிறுத்தவில்லை. தான் சும்மா இருக்கவில்லை என்று எனக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தாள் போல. முதல் நாள் ஒரு கையால் தட்டுத்தடுமாறி, பாதி வழிப்பிலேயே கையை எடுக்க வேண்டியிருந்தது. கட்டி நின்று கல் வீணானது. ராத்திரி யோசித்துப் பார்த்தாள். மறுநாளிலிருந்து ஒரு எண்ணுக்கு ஒரு வழிப்பு என்பதை விட்டுவிட்டாள். "ரெண்டு கையும் விட்டு ரெண்டு பக்கமும் ஒரேயடியா வழிக்கிறேண்ணே. பன்னெண்டு வழிப்பு இப்ப ஆறுலயே முடிஞ்சிருது. இன்னும் கொஞ்சம் பழகுனா அஞ்சுல முடிச்சிருவேன்."

ஒரு சுற்றுக்கு இரண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை நான் எதற்காகக் கை தட்டிக்கொண்டேனோ அதையே அவளும் கண்டுபிடித்திருந்தாள். மணல் மூட்டைமேல் உட்கார்ந்தேன். அக்கா சாப்பிட்ட கையோடு ஓடி வந்து, ஏண்டா மெயினை அணைச்சே என்றாள். அவளுக்கு வீடியோவைக் காட்டினேன், ஒவ்வொரு படமாக. ஏழாவது படத்தில் அக்கா போனை என் கையிலேயே திணித்துவிட்டு, விரலில் அடிபட்டவளைப் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு வாரம் அக்கா என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருந்ததே நல்லது.

டிரம்மின் வாய்க்கு ஒரு கம்பி வலைக் கதவு அடித்தேன். கதவு திறந்திருந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகாது, கணினி என்ன சொன்னாலும் சரி. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஒரு கீல், ஒரு சுவிட்ச், அரை மணி நேர வேலை. அதில் மிச்சம் பிடிக்க ஒரு துடிப்பும் இல்லாததால் எனக்குத் தோன்றவில்லை. பழைய நடுங்கும் நிரலையே திரும்ப ஏற்றினேன். குழுவில் எதையும் போடவில்லை.

புது அட்டை வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. டிவியைத் திருப்பி, டிரம்மிடம் நிற்பவளுக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன். பச்சைப் பட்டையைக் காட்டி, இது முடிகிறவரை நேரம் இருக்கிறது, மெதுவாகச் செய், ஒரு கை போதும், அப்படியே முடிந்தாலும் கதவை மூடாமல் சுற்றாது என்று விளக்கினேன். தலையாட்டினாள். விரலில் ஆஸ்பத்திரிக் கட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை.

டிரம் நின்றது. கதவைத் திறந்து வழித்தாள். இரண்டு கையும்தான். வேண்டாம் என்றேன், அவள் காதில் விழவில்லை. வாய்விட்டு எண்ணவும் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. ஆறில் முடித்து, கையைத் துடைத்து, கதவை மூடி, பின்னால் நகர்ந்து நின்றாள். திரையில் பட்டை பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. நடுங்கிக்கொண்டே குறைந்தது. அவள் அதையே பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து, கணினிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் இப்ப சீக்கிரமே முடிச்சுட்டு நிக்கிறது அதுக்குத் தெரிஞ்சா, திரும்ப நேரத்தைக் கொறைச்சிருவீகளாண்ணே?"